கொரியாவில் ஆங்கில டீச்சர் வேலை: பாதியில் விட்டுவிட்டு வரலாமா?

சிப்புட் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிறந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். எழுதி முடித்த கையோடு அப்பா அம்மாவுடன் ஆஸ்திரேலியாவில் பெர்த் போய்விட்டேன். என் தமிழ் அந்த ஆறாம் ஆண்டோடு நிற்கிறது. இதை எழுதும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ரகர றகரம் திருத்திக்கொண்டிருக்கிறார், பிழை இருந்தால் அவரைத் திட்டுங்கள்.

போன ஆகஸ்ட் கடைசியிலிருந்து தென் கொரியாவில் ஒரு சின்ன ஊரின் அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வருட ஒப்பந்தம். இப்போது அங்கே குளிர்கால விடுமுறை, பொங்கலுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் திரும்ப வேண்டும். போக மனமே இல்லை.

பாட்டிக்கு விஷயம் பிடிபடவில்லை. பிள்ளைகள் மரியாதை இல்லாமல் நடக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, தங்கமான பிள்ளைகள். சம்பளம் ஒழுங்காகத் தருவதில்லையா? மாதாமாதம் தேதி தவறாமல் வந்துவிடுகிறது, வீடும் அவர்களே கொடுத்திருக்கிறார்கள். "அப்புறம் என்னதான் உனக்கு?" என்றார். அதற்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை. எட்டரை மணிக்குப் பள்ளிக்குப் போனால் ஒரு குஞ்சு குருமான் இல்லை. அங்கே வெளியில் போடும் காலணியோடு பள்ளிக்குள் நுழையக் கூடாது, வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போடும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். எல்லாருடைய உள்செருப்பும் அலமாரியில் அப்படியே இருக்கிறது. ஆசிரியர் அறை பூட்டியிருந்தது. நடைபாதையில் ஹீட்டர் கிடையாது. நாற்பது நிமிடம் படிக்கட்டில் கையை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் காவலர் தாத்தா வந்து இரண்டு கையையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். பள்ளி தொடங்கப்பட்ட நாளாம், அதற்காக விடுமுறையாம். முதல் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. மறுநாள் என் கோ-டீச்சரிடம், அதாவது என்னோடு சேர்ந்து வகுப்பெடுக்கும் கொரிய டீச்சரிடம், கேட்டேன். "ஓ, உனக்குத் தெரியாதா?" என்றார், அவ்வளவுதான்.

ஆசிரியர்களின் கணினியில் ஒரு மெசஞ்சர் உண்டு. திரையின் மூலையில் நாள் முழுக்கச் செய்தி வந்து குதிக்கும், எல்லாம் கொரிய மொழியில். கைப்பேசி கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்ப்பேன். பாதிச் செய்தி "மூன்றாம் மாடியில் அரிசிப் பலகாரம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" வகை. மீதிப் பாதியில்தான் என் தலையெழுத்து இருக்கும். நான்காம் வகுப்பு இன்று இல்லை, ஐந்தாம் வகுப்பு முன்னால் வருகிறது, இப்படி. ஒரு நாள் பத்தரைக்குச் சொன்னார்கள், பதினோரு மணிக்குப் பெற்றோர்கள் வந்து பின்னால் நின்று என் பாடத்தைப் பார்க்கப் போகிறார்கள் என்று. மற்ற டீச்சர்கள் எல்லாம் காலையிலேயே கோட் போட்டு வந்திருந்தார்கள். என் ஸ்வெட்டரில் கிம்ச்சிக் கறை.

வகுப்பிலும் சிக்கல் உண்டு. நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் கோ-டீச்சர் அதைக் கொரிய மொழியில் சொல்லிவிடுவார். பிறகு என் வாயைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு என்ன அவசியம்? பாடப்புத்தகத்தில் இருப்பது அமெரிக்க ஆங்கிலம். ஒரு தடவை அழிப்பானை 'ரப்பர்' என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் சிவந்து, வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, அமெரிக்காக்காரர்கள் காதில் அது வேறு சாமான், இனிமேல் சொல்லாதே என்றார். அந்தச் சாமான் என்னவென்று பாட்டியிடம் நான் விளக்கவில்லை. கொரியாவில் ரப்பர் என்று சொல்லக் கூடாதாம் என்று மட்டும் சொன்னேன். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டியவர். "முப்பத்தொரு வருஷம் வெட்டின மரத்தை நான் வேறு என்னவென்று சொல்வது?" என்று கேட்டார்.

இன்னொன்று, பள்ளி விடுமுறையில் கொரிய டீச்சர்கள் வீட்டில் இருப்பார்கள். நான் மட்டும் 8.40 முதல் 4.40 வரை காலிப் பள்ளியில் மேசையைக் காவல் காக்க வேண்டும். திரும்பிப் போனதும் பிப்ரவரியில் பெரும்பாலும் அதே கதைதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் கோ-டீச்சர் விடும் ஒரு பெருமூச்சுதான் தாங்க முடியவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் இல்லாமல் அங்கே எனக்கு ஒன்றும் நடக்காது. வங்கிக் கணக்கு, கைப்பேசி, குடிநுழைவு அலுவலகம், பல் வலி, டிசம்பரில் வீட்டுக் குழாயில் தண்ணீர் உறைந்துபோனது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு பெருமூச்சு. சின்னதுதான், மூக்கு வழியாக. அப்புறம் எழுந்து வந்து செய்து கொடுத்துவிடுவார். பல் வலி வந்தபோது கேட்காமல் இரண்டு நாள் ஐஸ் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று தெரிந்ததும், பள்ளிச் சாப்பாட்டில் மாட்டுச் சூப் வரும் நாட்களில் வீட்டிலிருந்து முட்டை பொரித்துச் சின்ன டப்பாவில் கொண்டுவந்து என் தட்டுப் பக்கத்தில் வைப்பவரும் இதே மனுஷிதான். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் வரை ஒப்பந்தம். இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிடலாமா? இல்லை, இது எல்லா இடத்திலும் உள்ளதுதானா?


பாகான் டத்தோ பையன்:

வீடு சும்மா, சாப்பாடு சும்மா, சம்பளம் எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. நான் இங்கே செம்பனைத் தோட்டத்தில் கங்காணி, காலை ஆறு மணிக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது. என்னை யாரும் மெசஞ்சரில் கூப்பிடுவதில்லை, சத்தம் போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். ஹீட்டர் இருக்கிற அறையில் சும்மா உட்காரச் சம்பளமா? அந்த வேலைக்கு என் தங்கச்சியை அனுப்புகிறேன், டீச்சருக்குப் படித்துவிட்டுப் போஸ்டிங் கிடைக்காமல் வீட்டில் இருக்கிறாள். எப்படி விண்ணப்பிப்பது?


சிப்புட் பேத்தி:

அண்ணே, மாதம் சுமார் 22 லட்சம் வொன். நம் வெள்ளியில் (ரிங்கிட்) ஆறு ஏழாயிரம் வரும். சாப்பாடு சும்மா இல்லை. நியாயமான கேள்விதான், கோபமில்லை.

தங்கச்சி விஷயம் வருத்தமானது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க அவர்கள் தரும் ஈ-2 விசா பெரும்பாலும் ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. மலேசியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது, தங்கச்சி என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசினாலும். இத்தனைக்கும் என் முகத்தைப் பார்த்து "டீச்சர் ஆஸ்திரேலியாவா? நிஜமாகவா?" என்று பிள்ளைகள் முதல் வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.


தேஜோன் மாணவன்:

கோலக்கங்சார்க்காரன், இப்போது கொரியாவில் தேஜோன் நகரில் முதுகலை படிக்கிறேன். கொரிய மொழி ஓரளவு ஓடும் என்பதால் சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில் அந்தத் திங்கட்கிழமை. இனிமேல் படிக்கட்டில் உட்கார வேண்டாம். ஒவ்வொரு பள்ளியின் இணையப் பக்கத்திலும் 'ஹக்சா இல்ஜோங்' என்று ஓர் அட்டவணை இருக்கும். வருடம் முழுவதற்கும் உள்ள நாட்காட்டி அது. பள்ளி தொடங்கிய நாள், பள்ளியே தன் விருப்பத்துக்கு விடும் விடுமுறை, பெற்றோர் வந்து பாடம் பார்க்கும் நாள் எல்லாம் அதில் இருக்கும். மார்ச்சில் புதுக் கல்வியாண்டு தொடங்கும், புதிய அட்டவணை வந்ததும் அச்சடித்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். வாராந்தரத் திட்டம் ஒன்றும் ஓடும், 'ஜுகான் கியேஹ்வெக்'. திங்கட்கிழமை காலையில் அதை மட்டும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாளைக்குப் பத்துக் கேள்வி கேட்பதற்கு இது மேல்.

விடுமுறையில் அவர்கள் வீட்டில் இருப்பது ஏமாற்று வேலை இல்லை. அவர்களுடைய கல்வித்துறை ஊழியர் சட்டத்தில் 41-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விடுமுறையில் பள்ளிக்கு வெளியே இருந்து சுயமாகப் பயிற்சி எடுக்கலாம் என்று அனுமதிக்கிறது. உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, உங்களுக்கு ஒப்பந்தம்தான். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் கோ-டீச்சர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

நின்றுவிடுவது பற்றி: ஒரு வருடம் முழுசாக முடித்தால் கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும். அது சட்டம். பதினொன்றரை மாதத்தில் நின்றாலும் அது போய்விடும். மற்றபடி உங்கள் விருப்பம்.

இன்னொன்று, அரசாங்கப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை இடமாற்றம் உண்டு, மார்ச் முதல் தேதி புதுப் பள்ளியில் இருக்க வேண்டும். அப்படி மாறாவிட்டாலும் யார் யார் என்னென்ன வேலை பார்ப்பது என்று ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பிரிப்பார்கள். வெளிநாட்டு டீச்சரைப் பார்த்துக்கொள்வதை யாரும் கையைத் தூக்கி வாங்கிக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் வயதில் சின்னவர் தலையிலோ புதிதாக வந்தவர் தலையிலோ கட்டிவிடுவார்கள். உங்கள் கோ-டீச்சர் மார்ச்சில் அங்கே இருப்பாரா என்று விசாரித்தீர்களா?

கடைசியாக ஒரு சந்தேகம். அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? ஆஸ்திரேலியா பழக்கத்தில் பெயரைச் சொல்லியா?


சிப்புட் பேத்தி:

பெயரைச் சொல்லித்தான். ஐந்து மாதமாக.


தேஜோன் மாணவன்:

ஐயோ. நம் ஊரில் மூத்த டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோமா? 'சொன்செங்னிம்' என்று சொல்லுங்கள், டீச்சர் என்று அர்த்தம். மற்ற ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டுக்காரி என்று விட்டிருப்பார், ஆனால் கேட்கும்போதெல்லாம் ஒரு சுருக் இருந்திருக்கும்.


ஓய்வுக்குக் காத்திருக்கும் டீச்சர்:

மகளே, நான் சிப்புட் பக்கத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிப் பெயர் வேண்டாம். உன் கடிதத்தை நேற்று இரவு படித்துவிட்டுச் சரியாகத் தூங்கவில்லை, ஏனென்றால் உன் கதையில் வருகிற அந்தப் பெருமூச்சுக்காரி நான்தான்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவிலிருந்து இளம் பட்டதாரிகளை ஆங்கிலத் துணை ஆசிரியர்களாக நம் இடைநிலைப்பள்ளிகளுக்கு அனுப்பினார்கள், பலருக்கு நினைவிருக்கும். எங்கள் பள்ளிக்கு ஒரு பெண் வந்தாள், இருபத்திரண்டு வயது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். அவ்வளவுதான் உத்தரவு. என் பாடவேளையில் ஒன்றுகூடக் குறையவில்லை. வாரம் இருபத்தாறு பாடவேளை, ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். வகுப்பு இரண்டு, விளையாட்டு இல்லம் ஒன்று, ஆங்கிலப் பாடக் குழுவின் தலைமை, அதோடு இவள்.

அவளுக்கு வீடு பார்த்தேன். கேஸ் தோம்பு வாங்கிக் கொடுத்தேன். குளியலறையில் பூரான் வந்ததென்று இரவு பதினோரு மணிக்கு அழைப்பாள். என் கணவர் கைலியோடு காரை எடுத்துக்கொண்டு போய் அடித்துவிட்டு வருவார். கார் இல்லாத பெண், சனிக்கிழமையானால் ஈப்போவுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் நானும் பெருமூச்சு விட்டிருப்பேன். மூக்கு வழியாகத்தான்.

பள்ளியில் எங்கள் கூட்டம் மலாயில் இரண்டு மணி நேரம் நடக்கும். அவள் நோட்டுப் புத்தகத்தில் பூ வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் என்ன பேசினார்கள் என்று கேட்பாள். "ஒன்றுமில்லை, விளையாட்டுப் போட்டி பற்றி" என்று இரண்டு மணி நேரத்தை ஒரு வரியில் முடித்துவிடுவேன். அவ்வளவையும் மறுபடி ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒரு நாள் அவள் பாடம் தயார் செய்து, அட்டையெல்லாம் வெட்டி ஒட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். வகுப்பில் யாரும் இல்லை, பிள்ளைகள் எல்லாரும் மண்டபத்தில் தடுப்பூசிக்கு வரிசையில் நின்றார்கள். எனக்கே அது முந்தின இரவு பத்து மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) தான் வந்தது. அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அப்படியே தூங்கிவிட்டேன். மறுநாள் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: "அடடா, உனக்குத் தெரியாதா?"

ஆசிரியர் அறையில் நாங்கள் தமிழிலும் மலாயிலும் பேசிச் சிரிப்போம். அவள் தலை நிமிர்ந்து பார்ப்பாள். தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள், போகும்போதுதான் சொன்னாள். சத்தியமாக இல்லை. நூற்றில் தொண்ணூறு தடவை இல்லை.

அவளைப் பிடிக்காமல் இல்லை. நல்ல பெண். ஆனால் ஒரு மனுஷியாகப் பார்ப்பதற்கு முன்பே அவள் எனக்கு ஒரு வேலையாக வந்து சேர்ந்துவிட்டாள். அவள் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்றுகூட அந்தப் பத்து மாதத்தில் நான் கேட்கவில்லை. அவளும் என்னிடம் கேட்டதில்லை. அந்த வருடம் என் மாமியார் படுத்த படுக்கை, இரண்டு மணிக்குப் பள்ளி விட்டதும் அவரைக் குளிப்பாட்ட ஓடுவேன். அது அவளுக்குத் தெரியாது. 'இந்த டீச்சருக்கு என்னைக் கண்டாலே ஆகாது' என்று ஊருக்கு எழுதியிருப்பாள்.

இதையெல்லாம் உன்னைப் பொறுத்துப் போகச் சொல்லி எழுதவில்லை. உனக்கு நடப்பது அநியாயம்தான், தெரியப்படுத்துவது அவர் கடமை. பிடிக்கவில்லை என்றால் வந்துவிடு, பணிக்கொடைக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நான் அந்தப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவள், அங்கிருந்து பார்த்தால் எப்படி இருந்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான். முட்டை பொரித்துக் கொண்டுபோய் வைக்க எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த விஷயத்தில் அவர் என்னைவிட ஒரு படி மேல்.

கொரியாவில் ஆசிரியர் தினம் மே 15 என்று கேள்விப்பட்டேன். நமக்கு மே 16. அதுவரை அங்கே இருந்தால் அன்றைக்கு அவருக்கு ஒரு வாழ்த்துச் சொல்.


பாலத்துக்காரன்:

வயது அறுபத்து மூன்று, பேரன் தட்டித் தருகிறான். எனக்கு ஸ்கூல் விஷயம் தெரியாது. பினாங்குப் பாலம் கட்டும்போது நான் பிறையில் சிமெண்டு வேலைக்குப் போனவன். அந்தப் பாலத்தைக் கட்டியது கொரியாக் கம்பெனிதான், 1985-ல் திறந்தார்கள். 13.5 கிலோமீட்டர், அந்தக் காலத்தில் நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

போன முதல் நாள் கொரியாக்கார மேஸ்திரி என்னைப் பார்த்து "பல்லி! பல்லி!" என்று கத்தினார். நான் சட்டையை உதறிக்கொண்டு ஓடினேன். மேலே பல்லி விழுந்துவிட்டதென்று நினைத்துவிட்டேன். அவர்கள் பாஷையில் சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தமாம். அப்புறம் ஒரு வாரத்துக்கு அங்கே இருந்த தமிழர்கள் எல்லாருக்கும் என் பெயர் பல்லி. அந்த மேஸ்திரி சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் என் மங்கில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார், தன்னுடையதில் கொஞ்சம் எடுத்து வைப்பார். பேச்சே கிடையாது. உன் டீச்சரும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது. கேட்டால் சொல்வார்கள் அம்மா, கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள்.

உன் பாட்டி வீடு எந்தப் பக்கம்? ரயில்வே ஸ்டேசன் பக்கமா? முப்பத்தொரு வருஷம் மரம் வெட்டியவர் என்றால் எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம்.


பாகான் டத்தோ பையன்:

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு என் முதல் பதிலை அழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். எங்கள் தோட்டத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள், பெரட்டு நேரம் மாறினால் அவர்களுக்கு யார் சொல்கிறார்கள் என்று இன்று யோசித்தேன். நான்தான் சொல்ல வேண்டும்.


சிப்புட் பேத்தி:

டீச்சர், உங்கள் பதிலை அத்தை பாட்டிக்கு வாசித்துக் காட்டினார். பூரான் இடம் வந்ததும் பாட்டி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். எனக்கு அந்தத் தடுப்பூசி இடத்தில் அழுகை வந்துவிட்டது, அந்தப் பெண்ணுக்காகவா உங்களுக்காகவா என்று தெரியவில்லை.

இப்போதைக்கு எழுதிக் கொடுக்கவில்லை. மார்ச்சில் யார் கோ-டீச்சர் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று இருக்கிறேன். தேஜோன் அண்ணா, பள்ளிப் பக்கத்தில் அந்த அட்டவணை இருந்தது, போன வருடத்தது. அந்த நவம்பர் திங்கட்கிழமை சிவப்பு நிறத்தில் போட்டிருக்கிறது. சிவப்பு! ஐந்து மாதமாக நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

தாத்தா, பாட்டி வீடு ஸ்டேசனுக்கு அந்தப் பக்கம்தான். உங்களைத் தெரியுமா என்று கேட்டேன். பல்லி என்றதும் சிரிக்கிறார், தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை.

பாட்டி கோ-டீச்சருக்கு முறுக்குச் சுடப் போகிறாராம். அவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆனவரா, குழந்தை இருக்கிறதா, அம்மா கூட இருக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. என் கடைவாய்ப் பல்லில் எந்தப் பல் சொத்தை என்பதுவரை அவருக்குத் தெரியும். இப்போதுதான் செய்தி அனுப்பிக் கேட்டிருக்கிறேன், சொன்செங்னிம் என்று போட்டு. இங்கே மணி பத்து, அங்கே பதினொன்று ஆகியிருக்கும். இன்னும் பார்க்கவில்லை.


பாலத்துக்காரன்:

முறுக்கை மைலோ டின்னில் போட்டுக் கொண்டுபோ. பிளாஸ்டிக் பையில் போட்டால் தூளாகத்தான் போய்ச் சேரும்.